மலேசிய மக்களவையில் கூச்சல் போடும் எம்.பி.யைச் சபாநாயகர் என்ன செய்ய முடியும்?

நேரலையில் ‘டூடோக், டூடோக்’ (மலாயில் ‘உட்காருங்கள்’) என்று சபாநாயகர் கெஞ்சுவதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் போல. கோலாலம்பூர் மக்களவையில் மொத்தம் 222 பேர். அவர் கையில் உடனே இருப்பது மைக்தான். அதை அணைத்தால் பாதிச் சத்தம் அடங்கும், மீதி தொண்டையிலிருந்து வரும்! தகாத சொல்லை ‘தாரிக் பாலிக்’, அதாவது திரும்பப் பெறச் சொல்வார். மறுத்து ரகளை செய்தால் வெளியேற்றலாம். போகாவிட்டால் அவைக்காவலர் வருவார். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிவைக்க அவர் ஒருவர் சொன்னால் போதாது, அவையே தீர்மானம் போட வேண்டும். 2009-ல் எம்.பி. கோபிந்த் சிங் டியோவை ஓராண்டு இடைநீக்கம் செய்தது அப்படித்தான். அப்புறம், சபாநாயகர் எம்.பி.யாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2022 டிசம்பரில் சபாநாயகராகத் தேர்வான ஜொஹாரி அப்துல் அப்போது எம்.பி. இல்லை.