கரிசல் மண்ணில் ரோடு நிற்க அனல்மின் நிலையச் சாம்பல் போதுமா?

மண்ணோடு சாம்பலை மட்டும் கலந்தால் போதாது. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தானாக இறுகாது, சுண்ணாம்பு சேர்த்தே ஆக வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் அது கூடுதல் என்பதால் சுண்ணாம்பைக் குறைக்கலாம். எந்த அளவும் ஆய்வகச் சோதனைக்குப் பிறகுதான்.

உலர்ந்த மண் எடையில் சுண்ணாம்பு 3%, சாம்பல் 15% என்று சோதனையைத் தொடங்குங்கள். இறுகிய பின் 15 செ.மீ. கனம் வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 7 கிலோ சுண்ணாம்பும் 36 கிலோ சாம்பலும் பிடிக்கும். மூட்டை பிரிந்து காற்றுப்பட்டுக் கிடந்த பழைய சுண்ணாம்பை வாங்கவே வேண்டாம், அதில் வீரியம் இருக்காது.

பெரும்பாலும் வேலை கெடுவது உடையாத மண்கட்டியால்தான். டிராக்டர் ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டி, நெல்லிக்காய் அளவுக்கு மேல் கட்டி இல்லாமல் உடையுங்கள். கலந்தபின் ஒரு கட்டியை உடைத்து, உட்பகுதியில் பினாப்தலீன் கரைசலைச் சொட்டுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் சுண்ணாம்பு உள்ளே போயிருக்கிறது. கறுப்பாகவே இருந்தால் இன்னொரு ஓட்டு ஓட்டுங்கள். மழை வந்ததும் அந்தக் கட்டிதான் உப்பி மேல்தளத்தைப் பிளக்கும்.

தண்ணீர் தெளித்துக் கலந்த மூன்று மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடியுங்கள். பிறகு ஏழு நாள் ஈரம் காயக் கூடாது, லாரியும் ஏறக் கூடாது.

மண்ணில் ஜிப்சம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இருந்தால் சுண்ணாம்போடு வினைபுரிந்து மண் இன்னும் மோசமாக வீங்கும். ஓரவடிகால் வெட்டாமல் இதில் இறங்கவே வேண்டாம்.