இன ஒதுக்கீடு என்று சொல்லி வாடகை வீட்டை மறுத்தார்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: நானும் என் கணவரும் சிங்கப்பூரர்கள். தெங்காவில் பதிந்திருக்கும் பிடிஓ வீடு (பதிவு செய்தபின் கட்டித் தரப்படும் அரசு வீடு) கைக்கு வரும்வரை தங்குவதற்காக, ஈசூனில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முகவர் மூலம் பார்த்தோம். வீடு பிடித்துப்போனதால், வீட்டு உரிமையாளரின் முகவர் கேட்டபடி ஒரு மாத வாடகையான 2,600 வெள்ளியை அவருடைய எண்ணுக்கே பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாக அனுப்பினோம். மறுநாள் வாட்ஸ்அப்பில், "லோக்கல் இந்தியனா, இந்தியா இந்தியனா?" என்று கேட்டார். இங்கேயே பிறந்தவர்கள் என்றேன். "ஓனர் நோ இந்தியன் லா, ஹெவி குக்கிங், சாரி" என்று பதில் வந்தது. நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எதிர்த்துக் கேட்டதும், அந்தச் செய்தியை அழித்துவிட்டு, அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்று எழுதினார். பணம் ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. நான் யாரிடம் புகார் செய்யலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிறந்து வளர்ந்த ஊரில், வாடகை கொடுக்கத் தயாராக நிற்கும்போது, உங்கள் சமையலறையில் என்ன கொதிக்கும் என்பதை ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு கதவைச் சாத்துவது எவ்வளவு வலிக்கும் என்பதை உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் உணர்ந்தேன். புகார் செய்யலாமா என்று தயங்க வேண்டாம், அவசியம் செய்யுங்கள். ஆனால் உங்களை மிகவும் காயப்படுத்திய வாக்கியம், சட்டத்தின் பார்வையில் உங்கள் கையில் இருப்பவற்றுள் சற்றே பலவீனமான சான்று என்பதையும், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வேறு இரண்டு செய்திகள் அதைவிட வலுவானவை என்பதையும் முதலில் விளக்கிவிடுகிறேன்.

தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்யும்போது இனத்தைக் காரணமாகக் கொள்ளக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது என்றாலும், அது கட்டுப்படுத்துவது சட்டங்களையும் பொது அமைப்புகளையுமே அன்றி, வீட்டு உரிமையாளரை அல்ல. வேலையிடப் பாகுபாட்டுக்கென 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வாடகை வீட்டுக்கு அப்படி ஒன்று வரவில்லை. அடுத்த மாதமே நிறைவேறிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் இனங்களுக்கிடையே பகைமையைத் தூண்டும் செயல்களைப் பற்றியது. வாடகைக்கு வருபவரைத் தேர்ந்தெடுப்பதை அது தொடவில்லை. ஆகவே உரிமையாளர்மீது வழக்கு என்று யோசித்து அலைய வேண்டாம். உங்கள் புகார் முகவர்மீது இருக்கட்டும். ஏனென்றால் அவர் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டு, நடத்தை நெறிகளுக்குக் கட்டுப்பட்டுத் தொழில் செய்பவர்.

அவரைக் கண்காணிப்பது, 2010இல் அமைக்கப்பட்ட சொத்து முகவைகள் மன்றம், அதாவது பலரும் சிஇஏ என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு. எந்த இனத்தையும் சமயத்தையும் ஒதுக்குகிற, புண்படுத்துகிற விளம்பரங்களை முகவர்கள் வெளியிடக்கூடாது என்பதும், தொழில் தொடர்பில் எதிரே வரும் எல்லாரிடமும் நேர்மையோடும் நியாயத்தோடும் நடந்துகொள்ள வேண்டும் என்பதும் மன்றம் வலியுறுத்தும் நெறிகள். உங்களுக்கு வந்த அந்தப் பதில் விளம்பரத்தில் வந்திருந்தால் விவகாரம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். தனிப்பட்ட செய்தி என்பதால், உரிமையாளர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று அவர் வாதிட இடமுண்டு. எனவே அந்த விளம்பரம் இன்னும் இணையத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதில் அப்படி ஏதேனும் இருந்தால், தேதியும் முகவரின் பதிவு எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, பிறகே அந்த இணையத்தளத்துக்குத் தெரியப்படுத்துங்கள். முதலில் தெரியப்படுத்தினால் விளம்பரம் நீக்கப்பட்டு, சான்றும் அதனுடன் போய்விடும்.

இனி அந்த இரண்டு செய்திகளுக்கு வருகிறேன். ஒன்று, ஒதுக்கீடு என்று அவர் சொன்ன காரணம். ஒவ்வோர் இனத்தாருக்கும் புளோக்கிலும் பேட்டையிலும் இவ்வளவு விழுக்காடு என்று வரம்பிட்டு, 1989 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீவக வீட்டை வாங்குவதற்கும் விற்பதற்கும் உரியது. வாடகைக்குக் குடிபோகிறவரின் இனத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. வாடகைக்கென்று இருப்பது குடிமக்கள் அல்லாதோருக்கான ஒதுக்கீடு. முழு வீட்டை வாடகைக்கு விடும்போது பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு என்று வரம்பிடும் அந்த விதி மலேசியர்களையே விட்டுவிடுகிறது என்றால், குடிமக்களான உங்கள் இருவரையும் எப்படித் தொடும்? ஆக, முகவர் உங்களிடம் சொன்னது உண்மையல்ல. தம் தொழிலின் அடிப்படை விதியை அறியாமல் சொன்னாரோ, அறிந்தே சொன்னாரோ, இரண்டுமே அவர் மன்றத்துக்கு விளக்கம் தர வேண்டிய தவறுகள்தாம்.

மற்றொன்று, அந்த 2,600 வெள்ளி. வீவக வீட்டின் வாடகை ஒப்பந்தம் தொடர்பான பணத்தை முகவர் தம் கையால் வாங்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அது உரிமையாளருக்கு நேரடியாகப் போக வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதால் வாங்கியது சரியாகிவிடாது. வங்கிக் கணக்கில் பணம் போன நாளும் வந்த நாளும் அழிக்க முடியாதபடி பதிவாகியிருக்கின்றன. ஒரு வாட்ஸ்அப் செய்தியை அழிப்பதுபோல் அவரால் அதை அழிக்க முடியாது. உங்கள் புகாரில் முதலில் இதை எழுதுங்கள், அடுத்து ஒதுக்கீட்டுப் பொய்யை எழுதுங்கள், மூன்றாவதாக இனத்தைச் சொல்லி மறுத்ததை எழுதுங்கள். மனக்காயத்தின் வரிசை இது அல்ல என்று எனக்குத் தெரியும். விசாரிக்கும் அதிகாரி உறுதியாகப் பற்றிக்கொள்ளக்கூடிய வரிசை இதுதான்.

எழுதும்முன், மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் அவருடைய தொலைபேசி எண்ணையோ பெயரையோ இட்டுத் தேடுங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயரும் கிடைக்கும். பதிவேட்டில் ஆளே இல்லை என்றால், பதிவில்லாமல் முகவர் வேலை செய்வதே தனிக் குற்றம் என்பதால் அதையும் மன்றத்திடம் சொல்லுங்கள். பதிவு இருந்தால், நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் மன்றத்தின் இணையப் படிவத்தில் ஒரு புகாருமாக இரண்டையும் அனுப்பலாம். நாள், நேரம், யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம் என்ற நான்கும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். இத்தகைய புகார்களைப் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவோரில் பலர் இரண்டு பக்கம் ஆதங்கத்தைக் கொட்டிவிட்டு மூன்றாம் பக்கத்தில்தான் தேதியைச் சொல்கிறார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது, ஆனால் அதற்குரிய இடம் கடைசிப் பத்தி.

"இங்கேயே பிறந்தவர்கள்" என்று நீங்கள் சொன்ன பதிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதற்றத்தில் சொன்னதில் தவறில்லை. ஆனால் புகாரில், எங்களை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்துவிட்டார் என்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து போன மாதம் வேலைக்கு வந்த ஒரு தம்பதியிடமும் அவர் இப்படிக் கேட்டிருக்கக்கூடாது.

இந்தப் புகாரால் அந்த வீடு உங்களுக்குக் கிடைக்காது, இழப்பீடும் வராது. தவறு உறுதியானால் எச்சரிக்கை, கண்டனம், அபராதம், பதிவை நிறுத்திவைத்தல், ரத்து என்று மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். பணம் திரும்பாமல் போயிருந்தால், ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் தொடர்பில் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தைப் பற்றி விரிவாக எழுதியிருப்பேன். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. கடிதத்தை எழுதத் துணை வேண்டுமானால் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவச சட்ட ஆலோசனைக்கோ, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கோ போகலாம்.

விசாரணை தொடங்கினால் உங்களை வாக்குமூலத்துக்கு அழைக்கக்கூடும். அதுவரை அந்த வாட்ஸ்அப் உரையாடலை, கோபத்திலோ வெறுப்பிலோ, நீக்கிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டின் ஒரு பிரதி உங்கள் கணவரின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.