பத்தியமா, மாத்திரையா?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு, பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை எடுத்துவருகிறான். எட்டு மாதமாக இரத்தப்போக்கு இல்லை. என்ன சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டபோது, உணவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்போது ஒருவர், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தன் பத்தியத்தையும் மூலிகைப் பொடியையும் மூன்று மாதம் கடைப்பிடித்தால் நோய் வேரோடு போய்விடும் என்கிறார். தம்பி ஏறக்குறைய முடிவு செய்துவிட்டான். நீங்களும் இந்த நோயோடு வாழ்பவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் அவனைத் தடுப்பதா, துணை நிற்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரையை நிறுத்துவதைத் தடுங்கள். உணவை மாற்றிப் பார்ப்பதற்குத் துணை நில்லுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள். ஒன்றைச் செய்தால்தான் மற்றது பலிக்கும் என்று அந்த மனிதர் முடிச்சுப் போட்டிருப்பதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது.

இந்த நோய் எனக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஆறாவது ஆண்டில் இதேபோன்ற ஒரு வாக்குறுதியை நம்பி நானும் மருந்தை நிறுத்தினேன். முதல் நான்கு மாதம் உடல் லேசாக இருந்தது, பசி எடுத்தது, குணமாகிவிட்டேன் என்று உறவினர்களிடமெல்லாம் சொன்னேன். ஐந்தாம் மாதத்தில், பத்தே நாட்களுக்குள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை இரத்தத்தோடு போகத் தொடங்கி, மருத்துவமனையில் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த நான்கு மாதத்தில் ஒரு சோதனைகூடச் செய்துகொள்ளவில்லையே என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும் வேளையில் எதைத் தொடங்கியிருந்தாலும் நன்மையெல்லாம் அதனால் வந்ததாகவே தோன்றும். அதோடு, நமக்குத் தெரிகிற தொல்லையும் குடலுக்குள் இருக்கிற அழற்சியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வயிற்றுவலி நின்று, போக்கு சீரான பிறகும் உட்சுவரில் அழற்சி இருந்துகொண்டே இருக்கலாம். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான். உங்கள் தம்பியின் எட்டு மாத அமைதியில் அந்த மாத்திரைக்கும் பங்கிருக்கக்கூடும். அடங்கிய நோய் மீண்டும் தலையெடுக்காமல் காப்பதற்காகவே அதைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

ஆனால் உணவுக்கும் குடல்நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். தினமும் மூன்று வேளை பயந்துகொண்டே சாப்பிடுகிற ஒருவனுக்கு அது பதிலே அல்ல. அவன் வேறு வாசலைத் தேடிப் போனதற்கு அந்த ஒரு வரியும் காரணம். கோதுமைதான் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோயைத் தூண்டுகிறது என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றுவரை பத்தியம்தான் அந்நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை. உணவுப்பாதையின் எந்தப் பகுதியிலும் அழற்சி உண்டாக்கக்கூடிய குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு வழக்கமான உணவு அனைத்தையும் நிறுத்திவிட்டு 6 முதல் 8 வாரம் சத்துத் திரவம் மட்டுமே கொடுத்து நோயை அடக்குவது, மருத்துவர்களே முதலில் கையாளுகிற முறை. பெரியவர்களிடமும் ஆய்வு நடந்திருக்கிறது. குரோன் நோயுள்ள 194 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. தானியங்களையும் பெரும்பாலான சர்க்கரைகளையும் விலக்கும் கடும் பத்தியத்தையும், காய்கறி, பழம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையையும் அதில் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டு குழுவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தொல்லைகள் அடங்கின. அதாவது, கடுமையைக் கூட்டியதால் பலன் கூடவில்லை. உங்கள் தம்பிக்கு இருக்கிற நோயில் உணவைப் பற்றிய சான்றுகள் இந்த அளவுக்கு வலுவானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூலிகைகளையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. 2006இல் ஜப்பானில், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அடங்கியிருந்த 89 பேரில் ஒரு பகுதியினருக்கு மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் நோய் திரும்பியவர்கள் அவர்களில் குறைவாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதை வழக்கமான மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்தே எடுத்தார்கள். அதே நாட்டில், அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடி ஒன்று கோலைட்டிஸை உண்மையிலேயே தணித்தது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்தது. வேலை செய்கிற பொருள் எதுவானாலும், செடியிலிருந்து வந்தாலும், அளவும் கண்காணிப்பும் வேண்டும். தம்பிக்குத் தரப்போகிற பொடியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதிக் கேளுங்கள். இத்தகைய பொடிகள் சிலவற்றில் சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டும், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எழுதித் தர மறுத்தால் அதைத் தொடவே வேண்டாம்.

தம்பியோடு வாதாடாதீர்கள். நோயின் மீது தனக்கும் ஏதேனும் பிடி வேண்டும் என்று அவன் ஏங்குகிறான்; அந்த ஏக்கத்தில் தவறே இல்லை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, உணவியல் நிபுணர் ஒருவரின் துணையோடு மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று அவனிடம் சொல்லுங்கள். மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவைப் பார்க்கும் சோதனையைத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் செய்யச் சொல்லுங்கள். குடலில் அழற்சி எவ்வளவு என்பதைக் காட்டும் எளிய சோதனை அது. எடையையும் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் கவனியுங்கள், ஏனெனில் பத்தியம் என்ற பெயரில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய் மெலிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் ஏற்கெனவே நிறுத்திவிட்டான் என்றால், கோபிக்காமல் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று அதைச் சொல்லவையுங்கள். அந்த மருத்துவரிடம் பேச முடியாது என்றால் வேறொருவரைப் பாருங்கள். எப்போதாவது ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க நேர்ந்தால் அதை ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் இரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடித் துடிப்பு வேகமோ வயிற்று வீக்கமோ சேர்ந்துகொண்டால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.