அமைச்சரின் பக்தியும் அரசின் சட்டமும்: கேள்வி பதில்

மதுரையில் முப்பது வருடங்களுக்கு மேலாக வக்கீல் தொழில் செய்கிறேன். கோயில் வழக்குகளும் தேர்தல் வழக்குகளும்தான் அதிகம் பார்த்தவை. ஆட்சியில் இருப்பவர்களின் மத நம்பிக்கை சட்டத்துக்குள் எப்படி வருகிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): பதவியேற்கும்போது சிலர் "கடவுளறிய" என்கிறார்கள், சிலர் "உளமார" என்கிறார்கள். சட்டப்படி ஏதாவது வித்தியாசம் உண்டா சார்?

ஒன்றும் கிடையாது தம்பி. அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் இரண்டு வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் பொறுப்பு ஒன்றுதான்.

இதற்குப் பின்னால் ஒரு விவாதம் இருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முகப்புரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கடவுளின் பெயரால்" என்று அது தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை எழுந்து, நான் நம்பிக்கை உள்ளவன்தான், ஆனால் இதைச் சேர்த்தால் நம்பாதவனையும் கட்டாயப்படுத்துவதாகிவிடும் என்ற பொருளில் பேசினார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. வாக்கெடுப்பில் ஆதரவாக 41, எதிராக 68. எதிர்த்தவர்களிலும் சாமி கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கேள்வி (இல்லத்தரசி, கும்பகோணம்): பக்தி அதிகம் உள்ளவர் ஆட்சிக்கு வந்தால் சட்டமெல்லாம் மதம் பக்கம் சாயும், நாத்திகர் வந்தால் கோயிலுக்கு ஆபத்து என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்களே, எது உண்மை?

இரண்டுமே நம் ஊர் வரலாற்றுக்கு ஒத்துவரவில்லை அம்மா. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொன்னார்கள். ரமண மகரிஷியிடம் பக்தி, வள்ளலார் வழியில் ஈடுபாடு. பதவியை விட்டபிறகு வடலூரில் போய்த் தங்கிவிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டமும், எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்ற 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் ஆட்சியில்தான் நிறைவேறின.

தேவதாசி முறைக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலேயே சென்னைச் சட்டசபையில் போராடத் தொடங்கிவிட்டார். சட்டமாக முழு வடிவம் பெற 1947 ஆயிற்று. எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். சுதந்திரத்துக்காகச் சிறை போன பெரிய தேசபக்தர், ஆனால் இந்த விஷயத்தில் கோயில் மரபு என்ற பக்கம் நின்றார். ஆக, சாமி கும்பிடுகிறவர் ஒருவர் தடுத்தார், சாமி கும்பிடுகிற இன்னொருவர் நிறைவேற்றினார். வடக்கே பார்த்தாலும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை 1929-இல் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதா ஆரிய சமாஜக்காரர். நம்பிக்கையே அவரை அந்தச் சட்டத்தின் பக்கம் தள்ளியது.

மறுபக்கம் நாத்திகரான கருணாநிதி. பல வருடம் நிலையிலேயே நின்ற திருவாரூர் ஆழித்தேர் மறுபடி ஓடியது அவர் முதலமைச்சராக இருந்த 1970-இல். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. முட்டுக்கட்டையை மட்டும் நம்பித் தேர் இழுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த பிரேக்கின் அருமை தெரியும்.

ஒருவர் வீட்டில் கும்பிடுகிறாரா இல்லையா என்பதை வைத்து அவர் என்ன சட்டம் போடுவார் என்று சொல்லவே முடியாது. நான் பார்த்தவரை, சட்டத்தைத் திருப்புவது பெரும்பாலும் தலைவரின் சொந்த நம்பிக்கை அல்ல. வாக்காளர் எதை நம்புகிறார் என்று அவர் போடும் கணக்கு.

கேள்வி (விவசாயி, விருதுநகர் பக்கம்): 2003-இல் எங்கள் ஊரில் கிடா வெட்ட விடவில்லை. அடுத்த வருடமே விட்டுவிட்டார்கள். அது என்ன சட்டம், எங்கே போனது?

அது புதுச் சட்டம் இல்லை. கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் புத்தகத்தில் தூங்கியது. 2003 ஆகஸ்ட் கடைசியில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது.

அந்தப் புரட்டாசியில் என் மனைவியின் ஊர்ப் பொங்கலுக்குப் போயிருந்தேன். கருப்பசாமிக்கு நேர்ந்த கிடா, கழுத்தில் மாலையோடு நிற்கிறது. தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. அது தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பிவிட்டது. ஆனால் பக்கத்தில் எஸ்.ஐ. ஒருவர் நான்கு போலீஸோடு நிற்கிறார். கிராம நிர்வாக அலுவலர் கையில் உத்தரவு நகல். யாரும் யாரையும் திட்டவில்லை. பூசாரி கிழவர் அரிவாளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, கிடாயின் மாலையைக் கழற்றிச் சாமி காலடியில் போட்டார். "சாமி கேட்டுச்சு, சர்க்கார் குடுக்கல" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரவர் குடும்பத்தில் ஏதோ ஒரு நோய்க்கோ பிரசவத்துக்கோ வருடம் முழுக்க ஆட்டை வளர்த்துக் கொண்டுவந்தவர்கள்.

உயிர்ப்பலி கூடாது என்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். கேட்டுப் பார்க்க வேண்டிய வாதம்தான். ஆனால் அதே ஆட்டைக் கறிக்கடையில் வெட்டினால் குற்றமில்லை, கருப்பசாமி முன்னால் வெட்டினால் குற்றம் என்றால், சட்டம் ஆட்டைக் காப்பாற்றவில்லை. கும்பிடும் முறைகளில் ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே தள்ளுகிறது. மதத்துக்குள்ளேயே ஒரு பிரிவாரின் வழக்கம் சட்டமாகி இன்னொரு பிரிவார் மேல் இறங்குவதைப் பற்றி நாம் குறைவாகத்தான் பேசுகிறோம். எதிர்ப்பு பலமாக இருந்தது. 2004-இல், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள்.

கேள்வி (அரசு ஊழியர், நாகர்கோவில்): மதமாற்றத் தடைச் சட்டமும் அப்படித்தான் வந்து போனதா?

ஏறக்குறைய. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று வருடம்வரை சிறை. மாறியவர் பெண், சிறுவர், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் நான்கு வருடம். ஒரு பெண்ணோ பட்டியல் சாதிக்காரரோ தானாக யோசித்து மதம் மாற மாட்டார் என்ற எண்ணம் அந்தப் பிரிவுக்குள் இருந்தது. அப்போதே எனக்கு அது வலித்தது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே மாதம் சட்டமும் திரும்பப் பெறப்பட்டது. இடையில் யாருடைய பக்தியும் கூடவோ குறையவோ இல்லை.

கேள்வி (சட்ட மாணவி, வாணியம்பாடி): ஷா பானு வழக்கை எங்கள் வகுப்பில் "மதத்துக்குப் பணிந்த அரசு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் சார்?

ஒரு வரியில் முடிக்கக்கூடாதும்மா. இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவை அவருடைய வக்கீல் கணவர் 1978-இல் தலாக் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். மாஜிஸ்திரேட் கொடுத்த ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. அந்தத் தொகைக்காகக் கணவர் உச்சநீதிமன்றம்வரை போனார். 1985 ஏப்ரலில் அங்கும் அந்த அம்மாவே ஜெயித்தார். அதன்பிறகு எதிர்ப்புக் கிளம்பியது. 1986-இல் ராஜீவ் காந்தி அரசு, விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து தீர்ப்பின் பலனைச் சுருக்கியது.

சட்டம் கொண்டுவந்த பிரதமர் முஸ்லிம் இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்ட ஆரிஃப் முகமது கான் முஸ்லிம். நம்பிக்கை ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்ற இன்னொரு சம்பவம் எனக்கு நினைவில்லை. முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்ற கணக்கு அரசுடையது. அந்தக் கணக்கில் ஷா பானு என்ற முஸ்லிம் பெண் வரவே இல்லை. அப்புறம் 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்யாமல், எதிர்கால வாழ்க்கைக்குத் தேவையான தொகையையும் இத்தா காலத்துக்குள் (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) கணவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பொருள் சொல்லி, பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பரீட்சைக்கு அந்தத் தீர்ப்பையும் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி (ஆசிரியர், யாழ்ப்பாணம்): எங்கட நாட்டு அரசியலமைப்பிலயே பௌத்தத்துக்கு முதன்மை இடம் எண்டு இருக்குது. அப்ப தலைவர் ஆராக இருந்தாலும் என்ன மாற்றம் வரும், ஐயா?

1972-இல் முதலில் வந்து, 1978 அரசியலமைப்பில் ஒன்பதாம் உறுப்புரையாக இருப்பதைச் சொல்கிறீர்கள். பௌத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்றே எழுதியாயிற்று. என் நாட்டில் அரசியல்வாதி மதத்தைக் கொண்டுவந்தால் அரசியலமைப்பைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். உங்களுக்கு அந்தக் கைப்பிடியே வழுக்குகிறது.

ஆனாலும் தலைவரின் பிறந்த மதம் அங்கேயும் பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்துக்கு வந்தவர். 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் அவருடையது. 1957-இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டவரும் அவரே. 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அதைக் கைவிட்டார். மறு வருடம் ஒரு பிக்குவின் துப்பாக்கியால் செத்தார்.

உங்கள் அப்பா அம்மா காலத்து விஷயம் ஒன்று: 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்கள் சந்திரனை வைத்துக் கணக்கிடும் புனித நாளான போயா நாளையும் அதற்கு முந்தின நாளையும் வார விடுமுறையாக்கினார்கள். சந்திரனைப் பார்த்துப் பள்ளிக்கூடம் மூடும் காலம். உங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். வியாபாரத்துக்கும் ஒத்துவராமல் ஐந்து வருடத்தில் பழையபடி மாற்றினார்கள்.

கேள்வி (புதிதாகத் திருமணம் நிச்சயமானவர், ஈரோடு): ஐயர் இல்லாமல், தாலியும் இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொள்ளப் போகிறோம். செல்லுமா அண்ணா? வீட்டில், இது நாத்திகர்கள் சட்டத்தில் திணித்தது என்கிறார்கள்.

இருவரும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருபவர்கள் என்றால் தாராளமாகச் செல்லும். அந்தச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, அண்ணா ஆட்சியில் 1967-இல் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும்; தாலி கட்டினாலும் சரி. 2023-இல் உச்சநீதிமன்றம், ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் சொல்லிவிட்டது. நடந்த பிறகு மறக்காமல் பதிவு செய்துவிடுங்கள்.

திணித்தது என்பதை நான் ஒப்பமாட்டேன். 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படி நடந்த திருமணம் செல்லாது என்றது. அதுவரை சுயமரியாதைத் திருமணம் செய்த எத்தனையோ பெண்களின் நிலை அந்தரத்தில் தொங்கியது. 7-ஏ பழைய திருமணங்களையும் சேர்த்துக் காப்பாற்றியது. அதேசமயம் அக்னி வளர்த்து, ஏழடி நடந்து கட்டுகிறவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய வழி அப்படியே இருக்க, பக்கத்தில் புது வழி போட்டார்கள். கிடா விஷயத்தில் இருந்த வழியை அடைத்தார்கள். ஆட்சியாளரின் கொள்கை சட்டத்துக்குள் வருவது எப்போது சரி, எப்போது தப்பு என்று என் மகள் கேட்டாலும் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

கேள்வி (வங்கி ஊழியர், சென்னை): ஒரு மசோதாவில் மதம் ஒளிந்திருக்கிறதா என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மசோதாவின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நோக்கக் காரண விளக்கவுரை என்று இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பிரிவுகளைப் படித்தால் இரண்டும் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

அரசியலமைப்பிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 48-ஆம் உறுப்பு, பசு வதைத் தடை பற்றியது. அரசியல் நிர்ணய சபையில் தாக்கூர் தாஸ் பார்கவாவும் சேட் கோவிந்த தாஸும் அதற்காகப் பேசினார்கள். பேச்சில் பக்தி தாராளமாக வந்தது. ஆனால் எழுத்தில் வந்தபோது, விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் நவீன, அறிவியல் முறையில் அமைக்க வேண்டும் என்று தொடங்குகிறது. சபையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் எழுந்து, மத நம்பிக்கைதான் காரணம் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள், பொருளாதாரம் என்று சுற்றிவளைக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் கேட்ட அதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் நான் எந்த மசோதாவையும் படிக்கிறேன். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போனால், எந்தப் பிரிவு, எந்த வரி என்று எழுதியே கொண்டுபோங்கள். வாயால் சொல்வதை அங்கே யாரும் குறித்துக்கொள்வதில்லை.