வீக்கம் வற்ற ஏன் மூன்று நாள் ஆனது?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. ஹீமோபிலியா ஏ என்ற ரத்தம் உறையாத நோய், தீவிர வகை. ஒரு வருடமாக, எப்போது ரத்தம் கசிந்தாலும் அரசு மருத்துவமனையில், ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் 8 ஏற்றுகிறோம். இதுவரை இருபத்தைந்து தடவை இருக்கும். கடைசி முறை மட்டும் வேறு கம்பெனி மருந்து கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த என் கொழுந்தன், ‘இது கலைக்கப்பட்ட கருவின் சிறுநீரகச் செல்லில் வைரஸ் ஜீனைச் சேர்த்துத் தயாரித்தது’ என்கிறார். புற்றுநோய் வருமா? எய்ட்ஸ் வருமா? பையனின் ஜீன் மாறிவிடுமா? அது பெண் கருவாம், ஆண் பிள்ளைக்கு ஆகுமா? நாங்கள் சைவம் வேறு. பயந்துபோய் ஐந்து வாரமாக ஊசிக்குக் கூட்டிப் போகவில்லை. போன வாரம் முட்டி வீங்கியது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, வீட்டிலிருந்த ஐபுபுரூஃபன் சிரப் கொடுத்தேன். முன்பெல்லாம் ஊசி போட்ட அன்று சாயங்காலமே ஓடுவான். கடைசி இரண்டு தடவை ஊசி போட்டும் வீக்கம் வற்ற மூன்று நாள் ஆனது.
— ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கடிதத்தின் கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் அம்மா. கரு, வைரஸ், புற்றுநோய் என்று ஒரு பக்கத்துக்குப் பயந்துவிட்டு, பயப்பட வேண்டிய ஒரே விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். அதே பிள்ளை, அதே முட்டி. அன்று சாயங்காலமே அடங்கிய வீக்கம் இப்போது மூன்று நாள் நிற்கிறது என்றால், ஏற்றிய ஃபாக்டரை உடம்புக்குள் ஏதோ ஒன்று செல்லாக்காசாக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்றுக்கு நாங்கள் ‘இன்ஹிபிட்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தீவிர ஹீமோபிலியா உள்ள குழந்தையின் உடம்பு ஃபாக்டர் 8 என்ற புரதத்தைப் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. முதல் சில ஊசிகளில் அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரித்துவிடலாம். தீவிர வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது நேர்கிறது. அதிலும் பெரும்பாலும் முதல் 50 ஊசி நாட்களுக்குள். உங்கள் மகன் இருபத்தைந்தில் நிற்கிறான், அந்த ஆபத்துக் காலத்தின் நட்டநடுவில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீக்கம் வற்றத் தாமதமானது கடைசி இரண்டு தடவை. மருந்து மாறியதோ கடைசி ஒரு தடவை மட்டும். அப்படியானால் முதல் தாமதம் பழைய மருந்திலேயே தொடங்கிவிட்டது. கொழுந்தன் படித்த தாளை இதற்குக் குற்றவாளியாக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு ‘பெத்தெஸ்டா’ என்று பெயர். பிள்ளையின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) நல்ல பிளாஸ்மாவோடு கலந்து, 37 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, ஃபாக்டர் 8 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். பாதி காணாமல் போயிருந்தால் ஒரு யூனிட். 5 யூனிட்டுக்கு மேல் போனால் சாதாரண ஃபாக்டர் 8 ஏற்றிப் பயனில்லை, வேறு வழிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் ஏற்றிய மருந்து மிச்சம் இல்லாதபோது இந்தப் பரிசோதனையைச் செய்வது நல்லது. ஐந்து வாரம் நிறுத்தியதில் உங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். வேறு லாபம் எதுவும் இல்லை. நஷ்டம் உண்டு. இவ்வளவு நாள் மருந்தே படாமல் இருந்தால் எதிர்ப்பொருளின் அளவும் இறங்கிப் பதுங்கிக்கொள்ளும். அதனால் இப்போது ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும், மீண்டும் ஃபாக்டர் ஏற்றிய சில நாளில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் விடுபட்டுப்போகும்.

இனி அந்தத் தாள். அதில் எழுதியிருப்பது உண்மைதான், உங்கள் கொழுந்தன் அதைப் புரிந்துகொண்டதுதான் கோளாறு. 1973இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வகம் ஒன்றில், ஒரே ஒரு கருவிலிருந்து எடுத்த செல்களில் ஃபிராங்க் கிரஹாம் என்பவர் சளி உண்டாக்கும் அடினோவைரஸ் 5இன் டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். ஒரு துண்டு 19ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்ள, அந்தச் செல் சாகாமல் பெருகத் தொடங்கியது. அது அவருடைய 293ஆவது சோதனை. அதனால் செல்லுக்கு ‘ஹெக் 293’ என்று பெயர் (‘ஹெக்’ என்பது மனிதக் கருவின் சிறுநீரகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அதன்பின் உலகமெங்கும் வளர்வதெல்லாம் அந்த ஒன்றின் வாரிசுகள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கரு கலைக்கப்படுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பச்சைப் பொய். சிறுநீரகச் செல் என்ற பெயரே சந்தேகம்தான். அதன் குணங்களைப் பார்த்தால் நரம்புச் செல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இந்தச் செல்லுக்குள் ஃபாக்டர் 8 ஜீனை வைத்து, பெரிய தொட்டியில் வளர்த்து, அது வெளியே விடும் புரதத்தை மட்டும் வடித்துப் பிரிக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் பதநீர் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கலயத்தில் வருவது பதநீர், பனைமரம் அல்ல. குடித்தவன் வயிற்றில் பனை முளைத்ததும் இல்லை. பையனின் கையில் ஏறியதும் அப்படித்தான்: ஒரு புரதம். ஒன்றிரண்டு நாளில் கரைந்துபோகும். ஜீனை மாற்றும் வேலை அதற்குத் தெரியாது.

புற்றுநோய்க் கேள்வியை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன், அதில் நியாயம் இருக்கிறது. இந்தச் செல்களை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் உயிரோடு செலுத்தினால் கட்டி வரலாம். அதனால்தான் மருந்தில் செல்லை விட்டுவைப்பதே இல்லை. செல்லின் டி.என்.ஏ. மிச்சம் ஒரு டோஸுக்கு 10 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு கிராமைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்கும் மேல், வைரஸின் உறையைக் கரைக்கும் சலவைப்பொருள், 15-20 நானோமீட்டர் துளை வடிகட்டி என்று தனித்தனியாகத் தாண்டித்தான் மருந்து குப்பிக்குள் வருகிறது.

எய்ட்ஸ் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1980களில், ஆயிரக்கணக்கானோர் ரத்தத்தைக் கலந்து எடுத்த ஃபாக்டரால் அமெரிக்க ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான், ரத்தத்திலிருந்து எடுக்காமல் செல்லில் தயாரிக்கும் ஃபாக்டர் 8, 1992இல் அங்கே அனுமதி பெற்றது. எந்த மருந்து அந்த ஆபத்தைத் தவிர்க்க வந்ததோ, அதையே அந்த ஆபத்துக்குப் பயந்து நிறுத்தியிருக்கிறீர்கள். (இன்று ரத்தத்திலிருந்து எடுப்பதும் வைரஸ் நீக்கியேதான் வருகிறது.)

பெண் கரு, ஆண் பிள்ளை: ஃபாக்டர் 8க்கு ஆண், பெண் கிடையாது. சைவம் பற்றி: 1992இல் வந்த அந்த மருந்து சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்லில் தயாரானது, இன்றும் பல ஃபாக்டர்கள் அப்படித்தான். நீங்கள் இருபத்து நான்கு தடவை ஏற்றியது எதில் தயாரானது என்று அப்போது யாரும் தாளை எடுத்துப் படிக்கவில்லை. கருவிலிருந்து வந்தது என்பதாலேயே மனம் ஒப்பவில்லை என்றால், அதில் உங்களோடு வாதாட எனக்கு உரிமை இல்லை. வேறு வகை மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது வேறு, நிறுத்துவது வேறு.

வெள்ளெலிச் செல் இருக்க மனிதச் செல்லுக்கு ஏன் போனார்கள்? ஃபாக்டர் 8 மேல் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். வெள்ளெலிச் செல், நம் உடம்பில் இல்லாத சில சர்க்கரைகளையும் ஒட்டிவிடும். மனிதச் செல் நம்முடையதைப் போலவே ஒட்டும். 2014இல் இந்தச் செல்லில் தயாரான ஃபாக்டர் 8 மருந்துகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றன. இன்ஹிபிட்டர் குறையும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் இதிலும் அது வரத்தான் செய்கிறது. ஆக, மருந்து உசத்தி என்பதால் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

வைரஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கொழுந்தன் 2021இல் கோவிஷீல்டு போட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தடுப்பூசியின் வைரஸ் வளர்ந்ததும் இதே 293 செல்லின் வாரிசில்தான். அந்த வைரஸ் பெருகத் தேவையான ஜீனை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த ஜீன் இந்தச் செல்லுக்குள் இருக்கிறது, நம் உடம்பில் இல்லை. அதனால் தொட்டியில் பெருகும், தோளில் பெருகாது. ஜீனை நிஜமாகவே மாற்றும் சிகிச்சையும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 5 பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லை (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து, லென்டிவைரஸ் மூலம் ஃபாக்டர் 8 ஜீனை ஏற்றித் திருப்பிச் செலுத்தி, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் பெரியவர்கள். கீமோ கொடுத்துச் செய்யும் பெரிய சிகிச்சை அது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் தெரியாமல் போட்டுவிடும் ஊசி அல்ல.

சிரப்புக்கு வருகிறேன். ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும், ரத்தக் கசிவை அடைக்க உதவும் தட்டணுக்களின் கையைக் கட்டிப்போடும். ஏற்கெனவே ரத்தம் உறையாத பிள்ளைக்கு இருக்கிற இன்னொரு காவலையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பாட்டிலை இன்றே கொட்டிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், எடைக்கு ஏற்ற அளவில். எண்ணெய் போட்டு உருவுவது இனி வேண்டவே வேண்டாம். உள்ளே கசியும் மூட்டை உருவினால் இன்னும் கசியும். என்னிடம் வரும் ஒருவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் ஃபாக்டர் கிடைக்காமல் உருவி உருவியே வளர்த்த முட்டிகள், இரண்டும் பாதி மடங்கினபடி நின்றுவிட்டன. பஸ் படியில் பக்கவாட்டில்தான் ஏறுவார். அவர் பிறந்த காலத்தில் வழி இல்லை. இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே நாளைக் காலையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ‘ஊசி போட்டும் வீக்கம் வற்றவில்லை, இன்ஹிபிட்டர் பார்க்க வேண்டும்’ என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் மாதிரியை வெளியே அனுப்புவார்கள். எந்தத் தேதியில் எத்தனை யூனிட் ஏற்றியது, வீக்கம் எப்போது வற்றியது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். குப்பியில் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதையும் ஒட்டி வையுங்கள். முடிவு வரும்வரை ஃபாக்டர் வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. இடையில் தலையில் அடிபட்டால் எதையும் யோசிக்காமல் ஓடுங்கள். முதலில் ஃபாக்டர், பிறகுதான் ஸ்கேன்.

இன்ஹிபிட்டர் இருந்தாலும் வழி இருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் டோஸைக் கூட்டினாலே போதும். அதிகமாக இருந்தால் கசிவை நிறுத்த ஃபாக்டர் 7ஏ உண்டு. அது வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்லில் தயாராவது, கொழுந்தனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கசிவு வராமலே தடுக்க, தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் இருக்கிறது. எதிர்ப்பொருள் இருந்தாலும் அது வேலை செய்யும்.

போகும்போது கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த முட்டியை ஊன்ற விடாதீர்கள்.