கொம்பு வச்ச சாமியும் மாமியாரும் (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

பேர் போட்டுடாதீங்க ப்ளீஸ். நான் இங்கிலாந்துல க்ராலியில இருக்கேன், கேட்விக் ஏர்போர்ட் பக்கம், வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு அம்மா, டிக்கெட் ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு வர்றியான்னு கேட்டு ஒரு கச்சேரிக்கு இழுத்துட்டு போனாங்க. டாம்ஹ் த பார்ட்னு ஒருத்தர், பேகன் ஃபோக்காம், அதாவது பழைய இயற்கைச் சாமிங்களை கும்பிடுறவங்க நாட்டுப்பாட்டாம், மேடையில ஒரே ஆள் ஒரே கிட்டார். மூணாவது பாட்டுல மொத்த ஹாலும் கூட பாட ஆரம்பிச்சாங்க சார், எனக்கு கண்ல தண்ணி வந்துடுச்சு, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. வீட்டுக்கு வந்து அதே பாட்டை போட்டு கேட்டா சப்புனு இருக்கு. என் மாமியார் கவர் படத்தை பாத்துட்டு "கொம்பு வச்ச பேய் பாட்டெல்லாம் விளக்கு வச்ச நேரத்துல எதுக்குடி"ன்னாங்க. வீட்டுக்காரர் கூகுள் பண்ணி, இந்த மதமே 1950ல உக்காந்து எழுதினதாம், நீ ஏமாந்துட்டேன்னு சிரிக்கிறார். நான் ஏமாந்துட்டேனா சார்? ரெக்கார்டிங் ஏன் சப்புனு இருக்கு? எதுல இருந்து ஆரம்பிச்சு கேக்கணும்?

உங்கள் வாசகி, க்ராலி

*

அன்புள்ள க்ராலி வாசகிக்கு,

முதல்ல பேரை சரி பண்ணிடுவோம். டாம்ஹ் இல்லைங்க, டாவ். ஐரிஷ்ல கலைமானுக்கு அப்படி ஒரு சொல் இருக்கு, கடைசி எழுத்துங்க ரெண்டும் சேந்து 'வ்' ஆயிடும். மெட்ராஸ்காரங்க யாராவது கூட இருந்தா இந்த பேரை சத்தமா சொல்லாதீங்க, டாவு கட்டுறீங்களான்னு வேற அர்த்தம் பண்ணிக்குவாங்க. ஆளு உங்க சசெக்ஸ்காரர்தான், முதல் ஆல்பம் 2002ல வந்துச்சு, பெரிய கம்பெனி எதுவும் பின்னாடி இல்லாம சொந்தமா போட்டு சொந்தமா வித்து இத்தனை வருஷம் ஓட்டிட்டு இருக்கார். மனைவி ஓவியர், ட்ரூயிட் அமைப்பு ஒண்ணுல டாவுக்கு பொறுப்பும் உண்டு, 2007ல இருந்து அந்த அமைப்புக்காக ஒரு பாட்காஸ்ட் வேற நடத்துறார். ட்ரூயிட்னா பழைய பிரிட்டன்ல இருந்த பூசாரிங்க பேரு, இப்ப அந்த பேரை எடுத்து வச்சுக்கிட்டு மரம், மலை, பருவம்னு கும்பிடுறவங்க.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன். அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான், அதை மறுக்க எனக்கு மனசு வரல. இவங்க கொண்டாடுற எட்டு பண்டிகை சுத்து இருக்கே, அக்டோபர் கடைசியில சவ்வின், பிப்ரவரி ஒண்ணு இம்பொல்க், மே ஒண்ணு பெல்டேன், ஆகஸ்ட் ஒண்ணு லூனசா, நடுவுல சூரியனோட நாலு நாள் (பகல் ரொம்ப நீளமானது, ரொம்ப குட்டையானது, பகலும் ராத்திரியும் சமமா வர்ற ரெண்டு)னு, அதுல தனித்தனியா சிலது பழசு, ஆனா எட்டையும் சேத்து ஒரே சக்கரமா கட்டினது 1950கள்ல ரெண்டு மூணு பேரு. சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்தை அங்க 1951லதான் தூக்கினாங்க, அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் வெளிய சொல்லவே முடிஞ்சுது. டாவோட முதல் ஆல்பத்து பேர்ல வர்ற ஹெர்ன், அதான் மான்கொம்பு வச்ச வேட்டைக்காரன், உங்க மாமியார் பாத்து பயந்த மாதிரியான உருவம், அவன் எழுத்துல முதல்ல வர்றதே ஷேக்ஸ்பியர் நாடகத்துலதான். அதுக்கு முன்னாடி ஒரு வரி ஆதாரம் கிடையாது.

இதை நான் கையால தொட்டே பாத்திருக்கேன். சில வருஷம் முன்னாடி அந்த பக்கம் வந்தப்ப வில்மிங்டன்ல மலைச் சரிவுல வெட்டியிருக்குற அந்த நெட்டை மனுஷனை பாக்க ஒரு நண்பர் கூட்டிட்டு போனார். உங்க வீட்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம் இருக்கும், போகலன்னா கட்டாயம் போங்க. 235 அடி உயரம், ரெண்டு கையிலயும் கம்பு புடிச்சுக்கிட்டு நிக்கிறான். டாவும் அவர் கூட்டமும் பண்டிகைன்னா கூடுன இடம் அந்த காலடிதான். நான் பாட்டுக்கு ரோமானியருக்கு முந்தினது, சுண்ணாம்பு மண்ணு, ஆதி மனுஷன் கைன்னு என்னென்னமோ நினைச்சுக்கிட்டு ஆட்டுப் புழுக்கையை மிதிச்சுக்கிட்டு மூச்சு வாங்க மேல ஏறுறேன், கிட்ட போய் பாத்தா வெள்ளை பெயிண்ட் அடிச்ச காங்க்ரீட் கட்டை. வரிசையா பதிச்சு வச்சிருக்காங்க. 1969ல வச்சதாம், அதுக்கு முன்னாடி 1874ல செங்கல். சரி போகட்டும் அதுக்கு அடியில இருக்குற கோடாவது பழசான்னு கேட்டா, 2003ல தோண்டிப் பாத்து அது 16 இல்ல 17ம் நூற்றாண்டா இருக்கும்னு சொல்லிட்டாங்க. நண்பர் என் மூஞ்சிய பாத்து சிரிச்சார். நான் அந்த கட்டை மேல கை வச்சு கொஞ்ச நேரம் நின்னேன், ஜில்லுனு இருந்துச்சு, கீழ வயல் தெரிஞ்சுது, இறங்கி வர மனசே வரல. காங்க்ரீட்னு தெரிஞ்சும்தான் வரல. அதனால நீங்க ஏமாந்தீங்களான்னு என்கிட்ட கேட்டா நானும் அந்த கட்டை கிட்ட ஏமாந்தவன்தான், ஆனா ஏமாந்த மாதிரி ஒரு நாளும் தோணல.

உங்க மாமியார் சொன்ன கொம்பு வச்ச பேய், இங்க அதைத்தான் சாத்தான்னு நினைப்பாங்க, அந்த விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். சாத்தானை நம்பணும்னா பைபிளை நம்பணும், இவங்க அதுக்கு வெளிய இருக்கறவங்க, அவங்க சாமி லிஸ்ட்ல அவன் இல்லவே இல்ல. பேகன்ங்கறதே லத்தீன்ல பட்டிக்காட்டான்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்தது, ஊரெல்லாம் மதம் மாறினப்புறமும் மாறாம இருந்தவங்களுக்கு வச்ச பேரு. 2021 சென்சஸ்ல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சேத்து 74,000 பேர் தன்னை பேகன்னு எழுதியிருக்காங்க, உங்க ஆபீஸ் அம்மாவும் அதுல ஒருத்தரா இருக்கலாம். நல்லவங்களாத்தான் தெரியுறாங்க, டிக்கெட்டுக்கு காசு வாங்கலயே.

உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு புடிச்ச கேள்வி. எனக்கு நடந்தது உங்களுக்கு நடந்ததுக்கு நேர் தலைகீழ். நான் முதல்ல ஆல்பம்தான் கேட்டேன், உண்மையை சொல்லணும்னா பாதியில நிறுத்திட்டேன். கோரஸ் திரும்பத் திரும்ப வருது, நாலாவது தடவை வர்றப்ப சரிப்பா புரிஞ்சிடுச்சுன்னு சொல்லத் தோணும். மெட்டு அடுத்து எங்க போகும்னு முன்னாடியே தெரிஞ்சிடும். வரிங்க சிலது கொடி புடிச்சுக்கிட்டு கோஷம் போடுற மாதிரி இருக்கும், நாங்க இருக்கோம் நாங்க இருக்கோம்னு, எனக்கு அதுல இன்னும் கூட கொஞ்சம் கூச்சம்தான். அப்புறம் அதே நண்பர் ஒரு சின்ன ஊர் ஹாலுக்கு கூட்டிட்டு போனார். மடக்கு நாற்காலி, ஓரத்துல டீ டிரம், வீட்ல செஞ்ச கேக்கு, இலை மாலை தலையில வச்ச பாட்டி, வேலை முடிஞ்சு நேரா வந்த மாதிரி பூட்ஸ்ல சிமெண்ட் ஒட்டின ஒரு பையன். எனக்கு முன்னாடி வரிசையில ஒரு பெரியவர், முட்டி வலி போல, எழுந்திருக்கவே ரெண்டு பேர் புடிக்கணும், ஆனா பாட்டு ஆரம்பிச்சதும் கைத்தடியை தரையில தட்டி தாளம் போட்டார் பாருங்க, ஒரு தட்டு கூட பிசகல.

அங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. எந்த இடம் ஆல்பத்துல இழுவையா இருந்துச்சோ அதே இடம் ஹால்ல நமக்காக காலியா விட்டு வச்ச இடமா இருக்கு. கோரஸ் முதல் தடவை வர்றப்ப கேக்கறோம், ரெண்டாவது தடவை வாய்க்குள்ள முணுமுணுக்கறோம், மூணாவதுக்கு தைரியம் வருது, நாலாவதுக்கு பக்கத்து ஆளுக்கு கேக்குற மாதிரி பாடறோம். அந்த நாலு தடவையும் வேணும். மெட்டு எங்க போகும்னு முன்னாடியே தெரியணும், இல்லன்னா புதுசா வந்தவன் எப்படி கூட பாடுவான்? இது கேக்கறதுக்கு செஞ்ச பாட்டு இல்லைங்க, நெருப்பு மூட்டி சுத்தி நின்னு பாடறதுக்கு செஞ்சது. தனியா ஹெட்போன்ல கேட்டா, கல்யாணப் பந்திக்கு போட்ட நீள டேபிள்ல ஒருத்தர் மட்டும் இலை போட்டு உக்காந்த மாதிரிதான் இருக்கும்.

(நாலாவது தடவைக்கு மேல தைரியம் வந்து நான் பட்ட பாடு தனி. அஞ்சாவது கோரஸும் வரும்னு நம்பி முழு தொண்டையில எடுத்தேன், பாட்டு முடிஞ்சு போச்சு, அந்த ஹால்ல நான் மட்டும் அரை வரி பாடினேன். இலை மாலை பாட்டி திரும்பி பாத்து கை தட்டினாங்க. இடைவேளையில எனக்கு கேக்கு ஒரு துண்டு எக்ஸ்ட்ரா.)

ஆனா ரெக்கார்டிங் எல்லாமே இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க, இங்கதான் நீங்க எதுல ஆரம்பிக்கணும்ங்கறதுக்கு பதில் இருக்கு. 2017ல மாபினோகி முதல் கிளைன்னு ஒரு ஆல்பம் போட்டார். மாபினோகி வேல்ஸ் நாட்டு பழங்கதை, நாலு கிளை, 14ம் நூற்றாண்டு ஓலைன்னு சொல்லலாம், நம்ம ஊர் ஓலை இல்ல, தோல்ல எழுதின பெரிய புத்தகம், வெள்ளைப் புத்தகம் சிவப்புப் புத்தகம்னே பேரு. அதை கிளை கிளையா எடுத்து, பாதி பேச்சா கதை சொல்லி பாதி பாட்டா பாடி ஒரு ஆல்பம். நம்ம வில்லுப்பாட்டு கேட்டு வளந்தவங்களுக்கு இந்த அமைப்பு புதுசே இல்ல, கதை ஓடும், நிக்கும், பாட்டு வரும், திரும்ப கதை. இதை ராத்திரி விளக்கை அணைச்சுட்டு தனியா கேக்கணும், ஹாலும் வேணாம் கூட்டமும் வேணாம்.

அதுல ரியானன் வர்ற இடம். ப்வில்னு ஒரு ராஜா மேட்டு மேல உக்காந்திருக்கான், வெள்ளைக் குதிரையில ஒருத்தி மெதுவா போறா. ஆளை அனுப்புறான், அவன் எவ்வளவு வேகமா போனாலும் தூரம் குறையல, அவ குதிரை என்னமோ அன்னநடைதான் நடக்குது. அடுத்த நாள் நல்ல குதிரை, அதுவும் ஆகல. மூணாவது நாள் தானே ஏறி விரட்டுறான், ம்ஹூம். கடைசியில மூச்சு வாங்கி, அம்மா தாயே கொஞ்சம் நில்லுன்னு கத்துறான். உடனே நின்னுட்டா. நின்னு என்ன சொல்றா தெரியுமா, இதை முன்னாடியே கேட்டிருந்தா உன் குதிரைக்காவது நல்லதா இருந்திருக்கும்ங்கறா. எத்தனை நூறு வருஷம் ஆச்சு இந்த கதைக்கு, இன்னும் அந்த வரி சூடு ஆறாம இருக்கு பாருங்க. இந்த கதையை எழுதி வச்சதும் கிறிஸ்தவ காலத்து ஆளுங்கதான், அவங்களுக்கு இதுல பேய் தெரியல.

ஒரு சின்ன விஷயம், காசு பத்தி. யூடியூப்ல கேளுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா புடிச்சதுன்னா ஒரு ஆல்பம் காசு கொடுத்து வாங்குங்க. இந்த மாதிரி தனி ஆளுங்களுக்கு ஸ்ட்ரீமிங்ல வர்றது டீ செலவுக்கு கூட காணாது, 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு வருஷத்துக்கு ஆயிரம் தடவையாவது ஓடலன்னா அதுக்கு ஒரு பைசா கிடையாது. பாடுறவங்க நேரா பாட்டை விக்கிற பேண்ட்கேம்ப் மாதிரி இணையதளத்துல டிஜிட்டல் ஆல்பத்துக்கு நூத்துக்கு பதினஞ்சுதான் புடிச்சுக்கறாங்க. கச்சேரிக்கு போனா ஓரத்துல டேபிள் போட்டு சிடி வச்சிருப்பாங்க, அதுதான் எனக்கு புடிச்ச வழி, ஆனா கையில கொஞ்சம் சில்லறை நோட்டு வச்சுக்கங்க, நான் போன அன்னிக்கு கார்டு மெஷின் உயிரை விட்டுடுச்சு, என் முறை வர்றதுக்கும் அது கண்ணை மூடுறதுக்கும் சரியா இருந்துச்சு.

கடைசியா உங்க மாமியார். கொம்பு படத்தை கொஞ்ச நாள் கண்ல காட்டாதீங்க, அதுக்கு பதிலா ரியானன் கல்யாணத்துக்கு அப்புறம் நடந்ததை சொல்லுங்க. பிள்ளை பொறந்த ராத்திரியே குழந்தை காணாம போகுது, காவலுக்கு இருந்த பொம்பளைங்க தூங்கிட்டாங்க, பழி வரும்னு பயந்து நாய்க்குட்டியை கொன்னு அந்த ரத்தத்தை தூங்குற ரியானன் மூஞ்சியில பூசி, பெத்த பிள்ளையை இவளே தின்னுட்டான்னு சொல்லிடறாங்க. தண்டனை என்னன்னா ஏழு வருஷம் அரண்மனை வாசல்ல குதிரை ஏறுற கல்லுக்கு பக்கத்துல உக்காரணும், வர்றவன் போறவன்கிட்டல்லாம் நான் செஞ்சது இதுன்னு அவளே சொல்லணும், சொல்லிட்டு என் முதுகுல ஏறிக்கங்க உள்ள தூக்கிட்டு போறேன்னு கூப்பிடணும். செய்யாத தப்புக்கு. அவளும் உக்காந்தா.

இதை சமையக்கட்டுல வெங்காயம் உரிக்கறப்ப மெதுவா சொல்லிப் பாருங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு கட்டாயம் எழுதுங்க, முக்கியமா அந்த காவல் பொம்பளைங்கள பத்தி.

அன்புடன்.