குறுந்தொகைப் பாட்டைக் கிதாரில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறேன். ஓர் இலக்கியப் படைப்பிலிருந்து சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, 3 நிமிடத்துக்குள் பாடிப் பதிவு செய்து, ஒரு பக்க விளக்கத்தோடு தர வேண்டும் என்கிறார் விரிவுரையாளர். குறுந்தொகை 28-ஆம் பாட்டை எடுத்திருக்கிறேன். கிதார் ஓரளவு வாசிப்பேன். எழுதுவதெல்லாம் பொழிப்புரையாகவே வருகிறது. இரண்டு வாரம்தான் இருக்கிறது.

பதில்: என்ன நடந்தது என்று சொல்லப் பார்க்கிறீர்கள், அதனால்தான் பொழிப்புரையாகிவிடுகிறது. இந்தப் பாட்டை எழுதிய ஔவையார் அதைச் சொல்லவே இல்லை. ஐந்தே அடி. தலைவன் எப்போது போனான், எப்போது வருவான், ஒன்றும் கிடையாது. ஊர் தூங்குகிறது, இவளுக்குத் தூக்கமில்லை, நான் என்ன செய்ய என்று தவிக்கிறாள். நீங்களும் அந்த ஓர் இரவைத் தாண்டாதீர்கள். ‘அவன் பிரிந்து சென்றான்’ என்று ஒரு வரி இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள்.

பிறகு மூலத்தை வாய்விட்டுப் பத்து முறை படியுங்கள். பல்லவி அதற்குள்ளேயே இருக்கிறது. முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல், கூவுவேன்கொல்: ஒரே அச்சில் மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விக்கு முன்னால் ‘ஆஅ’ என்று வருகிறதே, அது அளபெடை. இரண்டு மாத்திரை ‘ஆ’ மூன்று மாத்திரையாக நீள்கிறது. இங்கே குரலை நீட்டு என்று புலவரே எழுதி வைத்ததுபோல. உங்கள் பாட்டின் உச்ச சுரம் அங்கேதான் விழ வேண்டும். மாதிரிக்கு ஒரு பல்லவி:

முட்டவா சுவரில் முட்டவா
தட்டவா கதவைத் தட்டவா
ஆ...
கத்தவா நான் கத்தவா

‘ஊர் தூங்கிவிட்டது’ என்று மட்டும் தொடங்காதீர்கள். கேட்பவர்களுக்கு உடனே பழைய திரைப்பாட்டு நினைவுக்கு வரும். உங்கள் மெட்டும் அறியாமலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அடுத்தது இடம். ‘உறங்கும் ஊர்’ கோலாலம்பூருக்கு அப்படியே பொருந்தாது. நள்ளிரவைத் தாண்டி எல்ஆர்டி ரயில் நின்ற பிறகும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பார்கள், தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், உங்களுக்குக் கிடைத்த வரம் இது. விழித்திருந்தும் இவள் நோயை அறியாத ஊர் என்று மாற்றிப் பாருங்கள்:

கீழே மாமாக் கடையில் ஆட்டம்
கோல் விழுந்ததும் ஊரே கத்தும்

ஊர் கத்தலாம், இவள் கத்த முடியாது. பல்லவியின் கேள்விக்கு இப்போது கூடுதல் வலி வந்துவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். மூலத்தின் அசைவளியை, அந்த அலைக்கழிக்கும் காற்றை, இரண்டாம் சரணத்தில் அப்படியே விடுங்கள். அடுக்குமாடி ஜன்னலிலும் காற்று வரத்தானே செய்கிறது.

இனி அளவு. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணுவார்களே, அதே முறை. மேலே உள்ள சரண வரிகள் இரண்டிலும் 9 எழுத்து, பல்லவியின் முதல் இரண்டு வரிகளிலும் 9. இணை வரிகளில் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். நான்கைந்து கூடினால் பாடும்போது மூச்சு முட்டும்.

மாணவர் பாட்டுகள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணிக்கையில் அல்ல, குறில் நெடிலில். மெட்டில் நீளும் இடத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிப்போகும். ‘கடையில்’ என்பதன் முதல் எழுத்தை இழுத்துப் பாடுங்கள், ‘காடையில்’ என்று கேட்கும். மலை மாலையாகும், விடு வீடாகும். முதலில் மெட்டைத் தன்னானே போட்டுப் பாடி, எங்கெல்லாம் குரல் நீள்கிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே நெடிலையோ ஒற்று அடுத்த குறிலையோ வையுங்கள். உச்ச சுரத்துக்கு ஆ, ஓ, ஏ நல்லது. ‘பாட்டு’, ‘காற்று’ போலக் குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை அங்கே வைத்தால் நீட்ட முடியாமல் குரல் நசுங்கும்.

கார்ட் நான்கு போதும்: ஏ மைனர், எஃப் மேஜர் செவன், சி, ஜி. முழு எஃப்-க்கு ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்த வேண்டும். மேஜர் செவனில் அந்தத் தொல்லை இல்லை. பாருக்கு (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) ஒரு கார்டாக இரண்டு சுற்று வாசித்தால் பல்லவியின் 8 பார் முடியும். வரிக்கு 2 பார். ‘ஆ’ விழுவது ஐந்தாம், ஆறாம் பாரில், அதாவது ஏ மைனர் மேலும் எஃப் மேஜர் செவன் மேலும். ஈ (E) சுரம் இரண்டு கார்டிலும் இருக்கிறது, ஆகவே அதையே பிடித்து நிற்கலாம். எட்டவில்லை என்றாலோ மிகவும் தாழ்வாக இருந்தாலோ கிதார் கழுத்தில் மாட்டும் கேப்போ பிடியை நகர்த்துங்கள், மெட்டை மாற்ற வேண்டாம். சரணத்தில் முதல் இரண்டு கார்டை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். பல்லவி வரும்போது திறந்தது போலிருக்கும்.

முன்னிசை 4 பார், பல்லவி 8, சரணம் 16, பல்லவி 8, சரணம் 16, பல்லவி 8, முடிவு 4. மொத்தம் 64 பார். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் 2 நிமிடம் 51 விநாடி வரும். சோகம் என்று 80-க்கு இறக்கினால் 3 நிமிடம் 12 விநாடி ஆகி வரம்பைத் தாண்டும்.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். காற்றாடியை நிறுத்துங்கள், அந்த இரைச்சலைப் பிறகு நீக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும். முதலில் கிதாரைத் தனியாகப் பதிந்து, அதைக் காதொலிப்பானில் கேட்டபடி பாடுங்கள். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் ‘ப’ வெடிக்காது. உச்ச சுரத்தில் மட்டும் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.

முதல் வாரம் முழுக்கச் சொல்லுக்கும் மெட்டுக்கும் ஒதுக்குங்கள். பதிவுக்கு மூன்று நாள் போதும்.

விளக்கப் பக்கத்தில் பாடலின் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எதை வைத்துக்கொண்டீர்கள் (மூன்று கேள்வி, அளபெடை, காற்று), எதை மாற்றினீர்கள் (தூங்கும் ஊர்), ஏன் என்று எழுதுங்கள். சொற்பொருளுக்கு உ.வே.சாமிநாதையரின் 1937 பதிப்பைப் பாருங்கள். எந்த உரையைப் பார்த்தாலும் பெயரைக் குறிப்பிடுங்கள். சங்கப் பாட்டுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. வகுப்புத் தோழர் யாராவது இக்கால மலேசியக் கவிஞரின் வரிகளை எடுத்தால், இங்கே எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு என்று சொல்லுங்கள். வரியை அப்படியே பாட்டில் வைத்து யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.